கையை இறக்கு

கருங்கல்லிலிருந்து தக்கலைக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்மார். ஜன்னலோரம் இருந்தவர் கழுத்தில் விசில், மடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கோப்பை. அடுத்தவர் அந்தத் தாளைப் பிரிக்கப் போனார்.

“பிரிக்காத மக்கா. ஆராவது பாத்து ஜெயிச்சியான்னு கேட்டா என்னத்தப் பறைய?”

ஒட்டுக்கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அதன்பிறகு காதை மூட முடியவில்லை.

“ஏன், ஜெயிச்சது உள்ளதுதானே?” என்றார் அடுத்தவர்.

“கடைசிப் பாயிண்ட் நம்மளுக்குள்ளது இல்ல. எதிர் டீம் அடிச்ச வாலிபால் வெளிய போகும்போ நம்ம பிள்ளைக்க விரல்ல உரசிட்டு. அப்போ பாயிண்ட் அவியளுக்கு. அம்பயர் பாக்கல்ல. அந்தப் பிள்ளையே எனக்க விரல்ல பட்டுதுன்னு சொல்லக் கையைத் தூக்கிட்டா.”

“பொறவு?”

“கையை இறக்குட்டின்னு நான் வெளிய நின்னு சத்தம் போட்டேன். இறக்கிட்டா.”

“எல்லாரும் செய்யதுதான். பாக்க வேண்டியது அம்பயருக்க வேலை.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இதெல்லாம் ஒரு தந்திரம்னு.”

அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

“போட்டோ எடுக்கும்போ எல்லாப் பிள்ளையளும் சேந்து கப்பைத் தூக்குதாவ. இவ மட்டும் கையைப் பின்னால கெட்டிட்டு நிக்கா. நீயும் தூக்குட்டின்னேன்.”

“தூக்கினாளா?”

“இல்ல. ‘நீங்கதானே டீச்சர் இறக்கச் சொன்னிய’ன்னு கேட்டா.”