கெட்டூரா வம்சத்தின் மூத்தவள்

பழைய குடியேற்ற வீடுகளைத் தேடுகிறவர்கள் முதலில் லைலாக் பூப்புதரைத் தேட வேண்டும், ஷெரிஃப். வீடு மக்கிப் போயிருக்கும், புதர் நிற்கும். சமையலறை வாசலில்தான் அதை நடுவார்கள். எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லித் தருவேன்.

கெட்டூரா பாஸ்கம் ஒஹையோவிலிருந்து மாட்டு வண்டியில் நெப்ராஸ்காவுக்கு வந்தவள். வழியில் காலராவுக்குக் கணவனைக் கொடுத்தாள். ஆர்ஃபா என்ற கைக்குழந்தையையும் புதைத்தாள். மூத்த மகன் பிழைத்தான். இங்கே வந்து சேர்ந்தபோது இடுப்பில் இன்னொரு பெண் குழந்தை இருந்தது, வழியில் பிறந்தது என்பார்கள், அதற்கும் ஆர்ஃபா என்றே பெயர். செத்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் நான் எதையும் சந்தேகப்படவில்லை. அந்த இரண்டாவது ஆர்ஃபா என் கொள்ளுப்பாட்டி.

ஊரின் முதல் குடியேறிகளை நினைத்து நடத்தும் முன்னோடிகள் தின ஊர்வலத்தில் கெட்டூராவின் வம்சத்து மூத்தவள் அவளுடைய துணித்தொப்பியைக் கட்டிக்கொண்டு முதல் வண்டியில் உட்கார வேண்டும். அம்மாவுக்குப் பிறகு நான். எனக்குக் குடும்பம் இல்லை. வருஷத்தின் மற்ற நாட்களில் என்னிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. குறையாகச் சொல்லவில்லை.

மார்லிஸ் அந்த மூத்த மகனின் வழி வந்தவள். டென்வரிலிருந்து பேருந்தில் வந்து என் வீட்டில் தங்கினாள். அத்தை என்று கூப்பிட்டாள். எச்சிலை வைத்து வம்சம் கண்டுபிடிக்கும் குப்பியை நீட்டினாள், நானும் துப்பிக் கொடுத்தேன். முடிவு வந்தபோது நான் சுட்ட ருபார்ப் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கெட்டூரா வம்சத்தில் மற்றவர்களுக்கெல்லாம் பொருந்தியது, எனக்கு மட்டும் பொருந்தவில்லை; அதே பயணத்தில் வந்த வேறொரு குடும்பத்தோடு பொருந்தியது.

"ரெண்டாவது ஆர்ஃபா பக்கத்து வண்டிக்காரங்க குழந்தை அத்தை. அதோட அப்பா அம்மா ரெண்டு பேரும் செத்ததும் கெட்டூரா தூக்கி வளத்திருக்கா," என்றாள். பிறகு சிரித்தாள். "இத்தனை வருஷமா ஊரான் வண்டியில ஓசியில போயிட்டு வந்திருக்கீங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெற்றதைவிட இப்படி வளர்த்தது பெரிது, ஊர்வலத்தன்று மேடையில் சொல்லப்போகிறேன் என்றாள். சொல்லாமல் விட முடியாதா என்று கேட்டேன்.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? தொப்பிய நான் கட்டிக்கறேன். வண்டியில நீங்க என் பக்கத்துல உக்காந்துக்கங்க."

மறுநாள் கெட்டூராவின் வீடு இருந்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். லைலாக் பூத்திருந்தது. புதருக்குச் சற்றுத் தள்ளிக் கையால் தோண்டிய கிணறு ஒன்று உண்டு. தண்ணீர் வற்றிவிட்டது. மேலே பலகை, பலகைமேல் மண், மண்மேல் புல். எந்த இடம் என்று அம்மா எனக்குக் காட்டியிருந்தாள். சங்கத்துக்காரர்களை எப்போதும் அதைச் சுற்றித்தான் அழைத்துப் போவேன்.

புதரோடு சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னாள். எங்கே நிற்கட்டும் என்று கேட்டாள். கையைக் காட்டினேன்.

பலகை ஊறிப்போயிருந்ததால் முறிந்தபோது பெரிய சத்தம் இல்லை. கால் உடைந்துவிட்டது என்று கீழேயிருந்து சொன்னாள். கயிறு கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். கேட்டவர்களிடம் அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்றேன். அடுத்த நாள் போனபோதும் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த நாள் ஊர்வலம். பிள்ளைகள் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், சத்தம் இல்லை.

சொந்தக்காரியை இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது என்று கேட்டீர்கள். நான் சொன்னதை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. அவள் எனக்குச் சொந்தமில்லை. அதை நிரூபித்ததே அவள்தான்.