நடுவில் இருந்தவர்

பின்னேரம் நாலரை மணி. குடத்தனையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகும் மணல் றோட்டு. முன்னால் ஒரு வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் சவுக்கு மரங்கள். அவற்றுக்குள் காற்று புகுந்து இரைகிற சத்தம் மட்டும்...

அந்த றோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. ஓட்டுகிறவன் பிரவீணன். பின்னால் அவன் மனைவி சிவகௌரி. கௌரியின் அக்கா ஆரணி என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிறாள். அவள் வீட்டில் வைத்துத்தான் கௌரி இதை எனக்குச் சொன்னாள். இப்போது இங்கே கரண்ட் போய், நாங்கள் ஏழு பேர் ஒரு மெழுகுதிரியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு இருக்கிறோம் என்பதற்காக நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

போன வைகாசி. பிள்ளை பிறந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு இருவரும் தனியாக வெளிக்கிட்டது அன்றைக்குத்தான். மீசாலையில் தங்கள் வீட்டில் பிள்ளையை ஆரணியோடு விட்டுவிட்டு, சும்மா கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார்கள். சனம் வராத, அமைதியான கரை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சொன்னது சரிதான். வெள்ளை மணல். கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளம். ஊர் கொஞ்சம் தள்ளி இருந்தது. அங்கிருந்து ஒரு நாய் குரைக்கிற சத்தம்கூட வரவில்லை. அலை என்று சொல்லவும் ஏலாது... தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியது. கௌரி கணுக்கால் அளவில் நின்றாள். பிரவீணன் சேட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு நீந்தப் போனான்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. திரும்பி வந்தான். நீந்தி வரவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நடந்து, எதையோ இழுக்கிறவன் போல ஒரு பக்கம் சரிந்து வந்தான். முழங்கால் அளவுக்கு வந்ததும் சட்டென்று நிமிர்ந்தான். திரும்பிப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான்.

"வெளிக்கிடும், போவம்."

"இப்பதானே வந்தனாங்கள்?"

"வெளிக்கிடும் எண்டுறன்."

துவாயால் உடம்பைத் துடைத்தான். சேட்டைப் போட்டான். மோட்டார் சைக்கிளை எடுத்தபோது பின் சில்லு மணலில் புதைந்தது. வரும்போது அப்படிப் புதையவில்லை. இரண்டு காலாலும் உந்தி உந்தித்தான் தார் றோட்டுக்கு ஏற்றினான்.

ஏறின பிறகும் வண்டி இழுக்கவில்லை. மூட்டை ஏற்றினது போல முக்கியது. வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. வரணி தாண்டியிருப்பார்கள்... பிரவீணன் தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"கௌரி, கையைக் கொஞ்சம் தளத்தும். வயித்தை நெரிக்குது. என்ன இப்பிடிக் குளிருது கை?"

கௌரி தன் கைகளைப் பார்த்தாள். ஒரு கை பின்கம்பியில். மற்றக் கை மடியில் இருந்த பையில்.

"நான் உங்களைப் பிடிக்கேல்லையே."

பிரவீணன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். வேகத்தைக் குறைக்கவில்லை. கௌரி அப்போதுதான் கவனித்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடத்தில் சீற் நனைந்திருந்தது. அவளுடைய சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். பாசி மணம்... அதோடு வள்ளத்து எஞ்சினில் வருகிற மண்ணெண்ணெய் மணம். சொட்டு... சொட்டு... என்று அவள் முழங்காலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேலே ஒன்றும் இல்லை.

கொடிகாமம் சந்தியில், கடை வெளிச்சத்துக்குக் கிட்ட நிற்பாட்டினான். இருவரும் இறங்கினார்கள். வண்டியிலிருந்து நாலடி தள்ளி நின்றார்கள். பிரவீணனின் சேட்டு வயிற்றோடு ஒட்டிச் சுருங்கியிருந்தது. இரண்டு கை கோத்துப் பிடித்தால் எப்படிச் சுருங்கும், அப்படி.

"விடேல்லை," என்றான். "இன்னும் பிடிச்சுக்கொண்டுதான் நிக்குது."

பிறகு சொன்னான். தண்ணீருக்குள் ஒரு கை அவன் கையைப் பிடித்திருக்கிறது. "தாழுற ஆள் பிடிக்கிற மாதிரி. நானும் யோசிக்கேல்லை கௌரி. ஆரோ தாழுதெண்டு இழுத்துக் கொண்டந்திட்டன். கரையிலை பாத்தால்... ஒருத்தரும் இல்லை."

பஸ் ஒன்று வந்து நின்றது. பிரவீணன் அவளைப் பிடித்துத் தள்ளாத குறை.

"நீர் பஸ்ஸிலை போம். நான் வீட்டை வரேல்லை. இதைக் கொண்டுபோய்ப் பிள்ளை கிடக்கிற இடத்திலை விடேலாது."

"உங்களை இப்பிடி விட்டிட்டு நான் எங்கை போறது? ஏறுங்கோ."

அவள்தான் முதலில் மோட்டார் சைக்கிளடியில் போய் நின்றாள். அவன் ஏறினான். சீற் நடுவில் அமுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதற்குப் பின்னால் ஏறினாள். எனக்கென்றால் அந்தத் துணிவு வராது.

மீசாலையில் தங்கள் ஒழுங்கை வந்தது. பிரவீணன் திரும்பவில்லை. நேரே விட்டான். ஒழுங்கைக்குள் வீட்டு விறாந்தை லைற் எரிவது கௌரிக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஆரணியின் போன்.

"எங்கையடி நிக்கிறியள்? பிள்ளை பாலுக்கு அழுகுது."

"அக்கா, கதவைப் பூட்டுங்கோ. நாங்கள் வந்து கூப்பிட்டாலும் திறக்காதேங்கோ. நான் போன் எடுத்துச் சொன்னால் மட்டும் திறவுங்கோ."

ஆரணி இதை இன்றைக்கும் சொல்லுவாள். போனுக்குள் தங்கையின் குரலுக்குக் கிட்ட வேறு யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டதாம். தண்ணீர் குடித்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி.

சாவகச்சேரி வந்தது. அதையும் தாண்டினார்கள். எங்கே போவது? போக இடமில்லை. ஆனால் நிற்கவும் பயம். ஒரு ஒழுங்கைக்குள் விட்டு மற்ற ஒழுங்கையால் வந்து, வயல் வெளியைச் சுற்றி, கோயில் வீதியைச் சுற்றி, வந்த றோட்டாலேயே மறுபடி போய்... பெற்றோல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. கௌரிக்குப் பால் கட்டி நெஞ்சு நோக ஆரம்பித்தது. பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அந்த யோசனையில் அவளுக்குப் பயம் விட்டுப்போய்க் கோபம் வந்தது. பிறகு கோபமும் போய்விட்டது. தனக்கு முன்னால் இருந்த ஈரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணை, உங்களுக்கு எங்கை போகோணும்? சொல்லுங்கோ, கொண்டுபோய் விடுறம். எங்கடை பிள்ளை பாலுக்கு அழுகுது."

பிரவீணனின் வயிற்றில் பிடி கொஞ்சம் இளகியது. அதுவரை கௌரியின் வலது முழங்காலில் மட்டும் விழுந்துகொண்டிருந்த சொட்டு, இடது முழங்காலில் விழுந்தது. பிறகு வலதில். மறுபடி இடதில். தலையைத் திருப்பித் திருப்பி, இரண்டு பக்கத்து வீடுகளையும் பார்க்கிற மாதிரி.

பிரவீணன் வேகத்தைக் குறைத்தான். ஒவ்வொரு வீடாக... ஒவ்வொரு படலையாக...

மட்டுவில் பக்கம் ஒரு சின்ன ஒழுங்கை. தகர வேலி. உள்ளே ஒரு பெண் தன் பிள்ளைக்குச் சோறு தீத்துகிற சத்தம் கேட்டது. "ஆ காட்டு... இன்னும் ஒரு வாய்..."

பிரவீணனின் தோளில் ஒரு கை தட்டியது. இரண்டு தரம். பின்னால் இருக்கிறவர் இறங்கத் தட்டுவாரே, அப்படி.

நிற்பாட்டினான். வண்டி மெல்ல எழும்பியது. வயிற்றில் பிடி இல்லை. புழுதியில் ஒரு ஈரக்கால் விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. இன்னொன்று... படலைச் சங்கிலி ஒரு தரம் ஆடி ஓய்ந்தது.

பிரவீணன் ஹாண்டிலில் தலையை வைத்து அழுதான். கௌரி சிரித்தாளாம். "போவம், பிள்ளையட்டைப் போவம்" என்று அவன் முதுகில் அடித்தாளாம். அவன் உதைத்தான். ஸ்ரார்ட் வரவில்லை. மறுபடி உதைத்தான்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்த பெண் போன் வெளிச்சத்தோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். சோறு ஒட்டின கை.

"ஆர் அது?"

வெளிச்சம் அவர்களில் பட்டது. பிறகு நிலத்தில் பட்டது. ஈரக்காலடிகளில்... அவை போய் முடிந்த படலையில்... அதைத் தாண்டி அவளுடைய முற்றத்தில். அவள் குனிந்து பார்த்தாள். மணத்தைப் பிடித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இரத்தமே இல்லை என்றாள் கௌரி.

"கடலிலை இருந்தோ வாறியள்?"

பிரவீணன் தலையாட்டினான்.

"ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? அவருக்கு இந்த இடம் தெரியாது. நாங்கள் எங்கை இருக்கிறம் எண்டு என்ரை அம்மாவுக்குக்கூட நான் சொல்லேல்லை. அவருக்குப் பயந்து மூண்டு வீடு மாறி... இஞ்சை வந்துதான் கொஞ்சம் நித்திரை கொண்டனான். ஏன் இந்த ஒழுங்கைக்குள்ளை கொண்டந்தனீங்கள்?"

பிரவீணன் இன்னொரு தரம் உதைத்தான். அந்த நேரம் வண்டி ஸ்ரார்ட் ஆகிவிட்டது. பிரவீணன் கியரைப் போட்டான். அந்தப் பெண் உள்ளே ஓடினாள்.

இந்த இடத்தில் கௌரி கதையை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தோம், வேறு ஒன்றும் நடக்கவில்லை என்றாள். ஆனால் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

திரும்பும்போது உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டதாம். திறாங்கு போடுகிற சத்தம். யன்னல் ஒன்று... இன்னொன்று... எல்லாம் அடித்துச் சாத்துகிற சத்தம். பிறகு ஒரு அமைதி. அந்த அமைதிக்குள், பூட்டின வீட்டுக்குள்ளே இருந்து, ஒரு சின்னப் பிள்ளையின் குரல். நல்ல சந்தோசமாக.

"அம்மா, துவாய் எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ... அப்பா நனைஞ்சுபோய் நிக்கிறார்."