பூண்டுக் கொட்டகையில் தொங்கவிட்ட நீலச் சிலிண்டர்

சேனாதிபதி மகன் முத்துராஜ், வயது 31, இருப்பு பூம்பாறை கீழத்தெரு, தொழில் பூண்டு விவசாயமும் வாடகைக் கார் ஓட்டுவதும். உதவி ஆய்வாளர் விசாரிக்க, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் தாயார் காளியாயியுடன் குடியிருந்து வருகிறேன். காரைத் தவிர எனக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் நடக்க இருக்கும் கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். என் சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு அங்கே மானம் போய்விடும் என்பதால், நைட்ரஸ் என்ற வாயுவை இன்ஜினுக்குள் செலுத்திக் கொஞ்ச நேரம் வேகத்தைக் கூட்டும் சாதனத்தை வாங்க முடிவு செய்தேன்.

அதன் பிறகு, கொடைக்கானலில் பட்டறை வைத்திருக்கும் பிரசாந்திடம் யோசனை கேட்டேன். வாயுவை மட்டும் செலுத்தும் வகை, கூடவே பெட்ரோலையும் தெளிக்கும் வகை என்று இரண்டு உண்டு, முதல் வகையில் பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டன் உருகிவிடும் என்று சொல்லி இரண்டாவதை எடுக்கச் சொன்னார். வாயு எவ்வளவு பாய வேண்டும் என்று தீர்மானிக்கும் துளைமூக்கான ஜெட்டில் நான் பெரியதைக் கேட்டேன். "அண்ணே, உங்க இன்ஜினுக்குச் சின்ன ஜெட்டே ஓவருண்ணே" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். நம் குளிருக்குச் சிலிண்டரில் அழுத்தம் இறங்கிவிடும், அளவோடு சூடாக்கித் தானாக அணையும் மின்சார உறையையும் வாங்குங்கள் என்று சொன்னதை மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பூண்டுக்குப் புகை போடும் கொட்டகை நாள் முழுக்கக் கதகதவென்று இருக்கும்போது உறை எதற்கு என்று நினைத்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

அதன் பிறகு சாதனத்தைக் காரில் பொருத்தினோம். அதன் பட்டனை இன்றுவரை ஒருமுறைகூட நான் அழுத்தவில்லை. நேற்று நிரப்பி வந்த சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் கீழே இறங்கிக் கிடந்ததால், அதைக் கொட்டகையில் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே கம்பியில் தொங்கவிட்டேன். தாயார் பார்த்துவிட்டு, "என்னலே இது நீலமாத் தொங்குது?" என்று கேட்டார். தீயணைக்கும் சிலிண்டர் என்று பொய் சொன்னேன். "இப்பத்தாம்லே உனக்குப் புத்தி வந்துருக்கு" என்று அவர் சந்தோஷப்பட்டது எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு இன்று காலை, தூறலில் பூண்டு ஈரம் கோத்துவிட்டதால், தாயார் வழக்கத்தைவிட மூன்று மடங்கு விறகைக் கொட்டகை அடுப்பில் அடுக்கியிருக்கிறார். மேலேயே தீயணைப்பு சிலிண்டர் தொங்குகிற தைரியத்தில் அடுக்கியதாகப் பிறகு சொன்னார். எட்டரை மணி அளவில் நான் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது, டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து பெரும் சீறலும் கேட்டன. அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வாயுவை வெளியே விடும் தகடு உடைந்திருக்கிறது என்று பின்னர் பிரசாந்த் போனில் விளக்கினார். அந்த வாயு தானாக எரியாது, எரியும் தீயை மூர்க்கமாக்கும். ஓடிப்போய்ப் பார்த்தபோது கொட்டகை முழுக்க வெள்ளைப் புகையும் அடுப்பில் ஆள் உயரத் தீயும் இருந்தன. கொட்டகை வாசலில் தாயாரின் செருப்பு கிடந்தது.

அம்மா என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். கண் தெரியவில்லை. தரையைக் கையால் தடவித் தேடினேன். கையில் பட்டதெல்லாம் பூண்டுக் கட்டுகள். பெற்ற தாயை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது பக்கத்து வீட்டு வேலுச்சாமி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். குண்டு வெடித்ததாக நிலையத்துக்குத் தகவல் கொடுத்தவரும் அவரே.

அதன் பிறகு, பின்தெருவில் இருக்கும் குப்பம்மாள் வீட்டுப் பக்கமிருந்து தாயார் வெறுங்காலோடு ஓடிவந்தார். பூண்டு இருக்கும் இடத்துக்குள் அவர் செருப்புப் போட்டுப் போகமாட்டார். விறகை அடுக்கிவிட்டு, காப்பித்தூள் தீர்ந்துபோனது நினைவு வந்து, கொட்டகையின் பின்வழியாக அப்படியே குப்பம்மாளிடம் கேட்கப் போயிருக்கிறார். அவர் கையில் காப்பித்தூள் பொட்டலம் இருந்தது. நான் தெருவிலேயே உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். தெருவே பார்த்தது, எனக்கு வெட்கமாக இல்லை.

ஊரார் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார்கள். கொட்டகையும் பூண்டும் போய்விட்டன. என் வலது கையில் தீக்காயம் உள்ளது. வேறு யாருக்கும் காயம் இல்லை. பிரசாந்த் மீது தவறு எதுவும் இல்லை.

என் இடது கன்னத்தில் உள்ள வீக்கமும் விபத்தில் ஏற்பட்டதா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இல்லை. "நான் செத்தா சாவுறேன், நீ எதுக்குலே தீக்குள்ள போன?" என்று கேட்டுத் தாயார் அடித்தது. அது குறித்து எனக்குப் புகார் எதுவும் இல்லை.

இதில் கண்ட யாவும் நடந்தது நடந்தபடி நான் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது. வலது கையில் கட்டு இருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இ.பெ.ரே.) சே. முத்துராஜ்