பிரதிவாதியை ‘வீட்டுக்காரர்’ ஆக்கிய பிறக்கிராசியார் ஸக்கரியா அவர்களுக்கு

மாத்தளை நீதிமன்றப் படிகளை வழக்கறிஞராக இருபத்து நான்கு ஆண்டுகள் தேய்த்த தகைமையாளரே! ஈட்டு வழக்கென்றால் எதிர்த்தரப்பும் யோசனை கேட்டு வரும் ஏந்தலே! கறுப்புக் கோட்டின் முழங்கை கிழிந்தும் வேறு கோட்டு வாங்காத கொள்கைக் குன்றே! எங்கள் ஸக்கரியா ஐயா அவர்களே! வணக்கமும் ஸலாமும்.

உங்கள் பிரியாவிடை மடலுக்குக் கண்ணியம், கருணை, கடமை என்று மூன்று பத்தி எழுதினால் போதுமென்றார் நம் தட்டச்சாளர் நூருன்னிஸா. எழுதினோம், கிழித்தோம். கிழிப்பது நீங்கள் காட்டித் தந்த பழக்கம். உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: உங்களோடு வேலை செய்து எங்களுக்கு அலுத்தே போய்விட்டது.

வீட்டை ஈடு வைத்துக் கடன்பட்டுக் கட்ட முடியாமல் போனவரைச் சட்டம் ‘பிரதிவாதி’ என்கிறது. ஊர் ‘கடன்காரன்’ என்கிறது. கடன் கொடுத்தவருக்காக வழக்காடும் நீங்களோ அவரை ‘வீட்டுக்காரர்’ என்று எழுதச் சொன்னீர்கள். ‘பிரதிவாதி’ என்று நாங்கள் எழுதிய எத்தனை கடிதங்களைக் கிழித்துக் கூடையில் போட்டிருப்பீர்கள்! கேட்டால், “ஏலம் முடியிற வரைக்கும் அவங்கதான்யா வீட்டுக்காரங்க” என்ற ஒரே பதில். அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவும் விடமாட்டீர்கள். தபால்காரர் வாயால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். பல்லேகமவுக்கும் யட்டவத்தைக்கும் பஸ் ஏறி, மீதியை நடந்து, நேரில் கொடுக்க வேண்டும். அட்டைக்கடி எங்களுக்கு, நல்ல பெயர் உங்களுக்கு.

அந்தச் சொல் செய்த கூத்தை யார் மறப்பார்? பலாபத்வலயில் கணவனை இழந்த ஸைனம்பு அவர்களுக்கு, ஏலத்துக்கு முன் ஒரு மாதத்துக்குள் வந்து பேசும்படி கடிதம் போனது. உறையில் ‘ஸைனம்பு வீட்டுக்காரர் அவர்களுக்கு’ என்று அழகாக எழுதியவர் தலைமை எழுதுவினைஞர் முத்துவீரன். அதைக் கொண்டுபோய், வீடு பூட்டியிருந்ததால் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தவர் நம் அலுவலக ஊழியர் இத்ரூஸ். மாதம் போனது, அம்மா வரவில்லை, ஏலத்துக்கு நாளும் குறித்தாயிற்று. மனம் கேளாமல் ஏலத்துக்கு முந்திய நாள் நீங்களே போய்க் கேட்டீர்கள்.

“மவுத்தாப் போன மனுசன் பேருக்கு வந்த கடுதாசிய நான் எப்படிங்க பிரிக்கிறது? அவர் கோட்டுப் பைக்குள்ளேயே வச்சிட்டேன்” என்றாராம் அவர்.

பிரிக்காத உறையோடு மறுநாள் காலை நீதிபதி முன் நின்றீர்கள். பிழை எங்கள் கடிதத்தில் என்றீர்கள். உங்கள் கட்சிக்காரர் அழகையா முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, ஏலத்தை ஆறு மாதம் தள்ளிவைக்கக் கேட்டு வாங்கினீர்கள்! அன்று மாலையே முதலாளி தம் பதினெட்டு வழக்குக் கட்டுகளையும் அள்ளிக்கொண்டு வேறிடம் போனார். அந்த வருஷம் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எங்களுக்குப் போனஸ் இல்லை. அதற்காக வீட்டில் நாங்கள் கேட்ட பேச்சு இங்கே படிக்கத் தக்கதல்ல. ஸைனம்பு அவர்கள் மிளகும் கொக்கோவும் விற்று, ஐந்தாம் மாதம் ஈட்டை மீட்டார். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கணவரின் கோட்டுப் பையில் நீங்கள் கைவிட்டதற்காக இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

ஐயா, நோய் நொடி அண்டாமல், பேரப்பிள்ளைகள் சூழ, நூறாண்டு நிறைவாக வாழுங்கள். ஆனால் தயவுசெய்து அலுவலகப் பக்கம் வந்துவிடாதீர்கள். நீங்கள் கெடுத்த வரைக்கும் போதும்.

ஏனென்றால், கடந்த வியாழக்கிழமை உங்களுக்குப் பின் பொறுப்பேற்கும் புதிய பிறக்கிராசியார் முதல் கடிதம் சொல்லி எழுதவைத்தார். ‘பிரதிவாதி’ என்றார், முத்துவீரன் அப்படியே எழுதினார். மை காயுமுன் அவர் கையே அதைக் கிழித்தது. புதியவர் முறைத்தார். முத்துவீரன் உங்களை வாய்க்குள் திட்டிக்கொண்டே வேறு தாள் எடுத்தார். முதல் வரியில் பெயரை எழுதி, மறக்காமல் ஒரு கமா போட்டு, அடுத்த வரியில் எழுதினார்: ‘வீட்டுக்காரர் அவர்களுக்கு’.

இங்ஙனம்,
இனிமேலும் கிழிக்கப்போகும் தங்கள் அலுவலகத்தார்
முத்துவீரன், இத்ரூஸ், நூருன்னிஸா
மாத்தளை, 1972