புது நட்சத்திரம் பிறக்காத மண்டலம்

செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறைகளுக்கு நல்ல காற்று வரும், மேடம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மார்கழியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். 'அப்பா, அப்பா' என்று உருகுவார்கள். வெயில் ஏறியதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் காலி அறைகளைப் பெருக்கிக்கொண்டிருப்பேன். என் மனைவி தனம் இறந்த பிறகு வீட்டில் அந்தத் துடைப்பச் சத்தம் மட்டும்தான். தனிமை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

என் மகள் மதிவதனி வானியல் படித்தவள். தான் ஆராயும் நட்சத்திர மண்டலத்தை ஒருநாள் கம்ப்யூட்டரில் காட்டினாள். முட்டை வடிவத்தில், மஞ்சளாக, பளிச்சென்று இருந்தது.

"எல்லாமே வயசான நட்சத்திரம்ப்பா. வாயு தீந்துபோச்சு, புதுசா எதுவும் பொறக்கறதில்ல."

"ஆனா எல்லாம் ஒண்ணாவே இருக்குதா, பாப்பா?"

"ஆமா. பக்கத்துல வர்ற சின்ன மண்டலத்தக்கூட முழுங்கிடும். அதான் இவ்ளோ வெளிச்சம்."

நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். அதே மூச்சில், அதை ஆராய ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வருடம் என்றாள். நான் தடுக்கவில்லை.

விசாவுக்குப் போக வேண்டிய அன்று காலையில், அவளுடைய கேழ்வரகுக் கஞ்சியில் என் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். மயங்கி விழுந்தாள். படிப்பு ஜாஸ்தி, சாப்பாடு கம்மி என்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையிடம் சொன்னேன். ஒரு வாரம் படுத்திருந்தாள். என் தோளில் சாய்ந்தபடி, நான் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டாள். தனம் போன பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

உடம்பு தேறியதும் மறுபடி தேதி வாங்கினாள். விசாவும் வந்துவிட்டது. கிளம்பும் அன்று கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள் அல்லவா.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கப் பல நாளானது. ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கி மூளை பாதித்திருக்கிறது என்றார்கள். பேச்சு வரவில்லை, கை கால் அசையவில்லை. பரவாயில்லை, பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். நேற்று டாக்டர் அவள் கட்டிலருகே நின்று, "வீட்ல யாருங்க சர்க்கரை மாத்திரை சாப்பிடறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். கஞ்சியில் கலந்ததையும் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, மேடம்.

டாக்டர் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்ய வெளியே போனார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியில் ஒரு ஸ்பூன் எடுத்து அவளிடம் நீட்டினேன். என்னையே பார்த்தபடி வாயை இறுக மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பாவம், பசியில்லை போலிருக்கிறது.