காருக்குப் போட்ட ஷூ தோல்

பழுது பார்த்த காரின் முதல் ஓட்டத்தில் குழந்தையோடு ஏறுவது தைரியமா, அசட்டுத்தனமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் வரும் பேருந்தில், முன் இருக்கையில் ஷூ கம்பெனி அடையாள அட்டை மாட்டிய பெண்ணும் அவளுடைய நாத்தனாரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா அண்ணி, காருக்கு ஷூ தோலையா போட்டீங்க?"

"அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எண்ணெய் ஒழுகாம அடைக்கிற ஆயில் சீல் எங்கயும் கெடைக்கல. உங்கண்ணன் பேஜாராயிட்டாரு. நான்தான் ஷூ அடியில வெக்கிற கெட்டித் தோலை எண்ணெயில ஊறவெச்சு, வட்டமா வெட்டிக் குடுத்தேன்."

"அண்ணன் ஒத்துக்கிச்சா?"

"ஒழுகினா நாளைக்கே காயலான் கடைக்குப் போட்டுடுவேன்னாரு. நான் பாப்பாவ மடியில வெச்சிக்கிட்டு பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன். ராணிப்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்து, வாசல்ல பேப்பர் விரிச்சு அதுமேல நிறுத்தினோம். காலைல ஒரு சொட்டு எண்ணெய் இல்ல."

"அண்ணன் இன்னா சொல்லுச்சு?"

"இன்னா சொல்லுவாரு? தெருவுல போறவங்களையெல்லாம் கூப்ட்டு அந்தப் பேப்பரைக் காட்டுறாரு."

"பாப்பா பயந்துச்சா?"

"எறங்க மாட்டேன்னு அழுதுச்சு."

என் கணவர் வீட்டிலேயே பிரித்து மாட்டிய பழைய ஜீப் வரும் ஞாயிறன்று ஓடப்போகிறது. முதலில் என்னையும் மகளையும் ஏற்றுவாராம். நீங்களாக இருந்தால் ஏறுவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.