சிஸ்டர் எனிட் வாங்கிக் கொடுத்த ரவுண்டு

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, சிஸ்டரின் தங்கை ஆல்வின் அம்மா அவர்களே, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் கொட்டகை ஆட்களே, விர்ராபீன் ஊர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மெர்ல் டூஹி. எதிரே நம் ஆண்கள் குடிக்கக் கூடும் ஹோட்டலின் சமையலறையில் முப்பது வருஷம் நின்றவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆகவே மேடைப் பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த அஞ்சலிக் கூட்டத்தில், நமக்கெல்லாம் நர்ஸாக இருந்த சிஸ்டர் எனிட் பாஸ்கோவைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? என் வீட்டுக்காரர் கிளாரி, இதோ முதல் வரிசையில் காது கேட்கும் கருவியைத் திருகிக்கொண்டிருக்கிறாரே, அவரை இருபத்திரண்டு வருஷமாக எனக்கு விட்டுவைத்தவர் அந்த அம்மாள்தான்.

அந்தத் திங்கட்கிழமை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முந்தின வெள்ளியோடு பெரிய பண்ணை ஒன்றில் வேலை முடிந்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் கிளாரியும் கூட்டாளிகளும் ஹோட்டலைவிட்டு நகரவில்லை. திங்கள் காலை புதுக் கொட்டகையில் மூன்றாவது ஆட்டைப் பிடித்தவர், அதைக் கத்தரிக்காமல் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"கிளாரி, நெஞ்சுக்குள்ள யாருய்யா பட்டியத் தொறந்து விட்டது? ஒண்ணொண்ணும் ஒரு பக்கமா ஓடுது" என்றார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இதயம் பழைய ஸ்வெட்டர் மாதிரி தொளதொளத்து விரிந்துவிட்டது, பிழிந்து தள்ளத் தெம்பில்லை என்றார்கள். துடிப்பு தாறுமாறாக ஓடுவதற்கும், இரத்தக் கொதிப்புக்கும், இதயம் விரிந்ததற்கும் காரணம் இத்தனை வருஷக் குடிதான் என்று சொன்னார்கள். நிறுத்தினால் சுருங்கித் தேறலாம், நிறுத்தாவிட்டால் அதிக நாள் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் அம்மா சொன்னதை நம்பி, அவர் நெஞ்சு வலுக்கட்டும் என்று தினமும் படுக்கப்போகுமுன் ஒரு டம்ளர் போர்ட் ஒயினில் முட்டை அடித்துக் கொடுத்து வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் கொடுத்தேன். அலமாரியில் பாட்டிலைப் பார்த்த சிஸ்டர் திட்டவில்லை.

"இந்த மருந்த எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு, மெர்ல்?"

"எங்கம்மா."

"அப்ப முட்டைய மட்டும் குடு. அம்மா பேச்சுல பாதியாவது நிக்கும்."

அதன்பின் கிளாரியை டாக்டரிடம் கூட்டிப்போனார். அவ்வளவு குடித்தவர் சட்டென்று நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு என்று, முதல் வாரம் காலையும் மாலையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கை நடுக்கம் போயிற்று. தூக்கம் வந்தது. எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது.

நம் ஊர்ச் சட்டத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு பேர் நின்றால் ஆறு ரவுண்டு. ஒவ்வொருவனும் தன் முறைக்கு அத்தனை பேருக்கும் வாங்க வேண்டும். முறை வருமுன் நழுவியவனுக்கு அப்புறம் மரியாதை இல்லை. அடுத்தவன் வாங்கிக் கொடுத்ததை வேண்டாம் என்றால் அவன் முகத்தில் அடித்த மாதிரி. நான் சமையலறை ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மூன்றாவது கிளாஸுக்குமேல் யாருக்கும் தாகம் இல்லை, முறைதான் பாக்கி.

கிளாரி வீட்டிலேயே கிடந்தார். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி. வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. ஆறாவது வெள்ளி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாசலை மறித்தேன்.

"விடு மெர்ல். சாகறதுகூடப் பரவால்ல. முறை தப்பி ஓடினவன்னு பேரோட இருக்க முடியாது."

நான் சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் வந்து போகாதே என்று தடுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். தடுத்தாரா? "இரு, நானும் வர்றேன்" என்று, சீருடையோடு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, கிளாரியின் கையைக் கோத்துக்கொண்டு ஹோட்டலுக்குள் நுழைந்தார். கூட்டாளிகள் ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மாப்ளே, வரும்போதே நர்ஸைக் கூட்டியாந்துட்டே?" என்று ஸ்னோ கில்பிரைட் சிரித்தார்.

சிஸ்டர் கைப்பையை மேசைமேல் வைத்தார். இன்று முதல் தானும் இந்த வட்டத்தில் ஓர் ஆள், முதல் ரவுண்டு தன்னுடையது என்றார். வந்தது ஏழு கிளாஸ் இஞ்சி சோடா.

ஒருவரும் தொடவில்லை. நான் ஜன்னலில் கரண்டியோடு நின்றேன்.

"சிஸ்டர், இது கொழந்தைங்க குடிக்கறது" என்றார் ஸ்னோ.

"நான் வாங்கிக் குடுத்தது, ஸ்னோ. வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லிடு. ஊர்ல நானே சொல்லிக்கறேன்."

ஸ்னோ கிளாஸைப் பார்த்தார். கிளாரியைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். மற்ற நால்வரும் குடித்தார்கள். அடுத்த ரவுண்டு ஸ்னோவுடையது. ஐந்து பீரும், கேட்காமலேயே இரண்டு இஞ்சி சோடாவும் கொண்டுவந்தார். கிளாரியின் முறை வந்தபோது கிளாரி எழுந்து போய் வாங்கி வந்தார். அவருடைய பழைய முகத்தை அன்றைக்குத்தான் ஆறு வாரத்துக்குப் பிறகு பார்த்தேன்.

அந்த வெள்ளி மட்டும்தானா? வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பதினோரு வருஷம், வெள்ளி தவறாமல் அந்த அம்மாள் அந்த மேசையருகே நின்றார். யாரையும் நிறுத்து என்று அதட்டவில்லை. "நெஞ்சுக்கு நல்லதுன்னு குடிக்கிறேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. ஆசையா இருக்கு, குடிக்கிறேன்னு சொல்லு, கேட்டுக்கறேன்" என்பார். கிறிஸ்துமஸுக்குள் ஸ்னோவே நாடி பார்க்கச் சொல்லி மணிக்கட்டை நீட்டினார். ஒரு வருஷம் கழித்து கிளாரிக்கு மறுபடி படம் எடுத்தார்கள். இதயம் சுருங்கித் தன் அளவுக்கு வந்திருந்தது. எல்லோருக்கும் அப்படித் திரும்பாது, திரும்பியதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார் சிஸ்டர். வைத்துக்கொண்டார். பேத்தி டாம்சின் பிறந்ததைப் பார்த்தார். அவள் நர்ஸ் படிப்பு முடித்ததையும் பார்த்தார். வரும் திங்கள் முதல் சிஸ்டர் சுற்றிய அதே பாதையில் டாம்சின்தான் காரை ஓட்டப்போகிறாள். எனக்கு இன்று அழுகையோடு பெருமையும் வருகிறது, மறைக்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று. நேற்று ஆல்வின் அம்மா என்னிடம் ஒன்று சொன்னார். சிறு வயதிலிருந்தே எனிட்டுக்கு இஞ்சி ஆகாதாம். வாசனையே பிடிக்காதாம். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போய் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பாராம். பதினோரு வருஷம். எங்களில் ஒருவருக்காவது தெரியுமா?

சிஸ்டர் எனிட் பாஸ்கோ அவர்களே, நீங்கள் பிடித்த மணிக்கட்டுகளை நாங்கள் விடமாட்டோம். இந்த ஊரில் நெஞ்சு சரியில்லாதவன் எவனும் தனியாக வேலியைப் பார்த்துக்கொண்டு உட்காரமாட்டான். இது நாங்கள் கொடுக்கும் வாக்கு.

பெரியோர்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் எதிரே ஹோட்டலுக்குத்தான் போவீர்கள், எனக்குத் தெரியும். முதல் ரவுண்டு என்னுடையது. என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்; வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதும் தெரியும். சிஸ்டரின் இடத்தில் மட்டும் ஒரு கோப்பை டீ வையுங்கள். இனி அவர் இஞ்சி குடிக்க வேண்டியதில்லை.